கனத்த இறக்கை

நேற்று சாயந்தரம் படுக்க வைத்துவிட்டுத்தானே போனேன்.

ஷைனி ஷட்டரைப் பாதி தூக்கியபடியே நின்றாள். குடைத் தண்ணீர் கையில் வழிந்து முழங்கை வரை போனது. எதிரே, இரும்புத் தாங்கியின் மேல் அந்த விசிறி நெட்டுக்குத்தாக நின்றுகொண்டிருந்தது. ஓர் இறக்கை கூரையைப் பார்த்து. மற்றது தரையைப் பார்த்து.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலைக்கும் மூடிக்கிடந்த பெயின்ட் கம்பெனிக்கும் நடுவில் இருந்தது அஸ்கர் அலியின் கொட்டகை. பட்டாளத்துப் பையன்கள் ஒரு காலத்தில் ஓட்டக் கற்றுக்கொண்ட பழைய விமானங்களை ஆசைக்கு வாங்கி வைத்திருக்கும் பணக்காரர்களுக்காக அங்கே அவற்றைப் பழுது பார்த்தார்கள். மர ப்ரொப்பெல்லரை அங்கே எல்லோரும் விசிறி என்றுதான் சொல்வார்கள். எந்த விசிறி எந்த விமானத்துடையது என்று அடையாளம் காண்பது, வார்னிஷ் பூசுவது, இரண்டு இறக்கையும் ஒரே எடைதானா என்று பார்ப்பது, எல்லாம் சரியாக இருந்தால் நடுக்கட்டையில் முத்திரை அடிப்பது ஷைனியின் வேலை.

மர விசிறியை நிற்க வைக்கக் கூடாது. நிற்க வைத்தால் மரத்துக்குள் இருக்கிற ஈரமெல்லாம் கீழ் இறக்கைக்கு இறங்கி அது கனத்துவிடும். கனத்த இறக்கையோடு ஓட்டினால் இயந்திரம் உதறி உதறி விமானத்தின் மூக்கையே பிய்த்துக்கொண்டு போய்விடும். அதனால் வேலை முடிந்ததும் இரண்டு பக்கமும் ஆப்புக் கட்டை கொடுத்துக் கிடையாக வைத்துவிட்டுத்தான் யாரும் வீட்டுக்குப் போவார்கள்.

ஆப்புகள் விழுந்து கிடக்கவில்லை. மேஜையின் மேல், சின்ன முனை சுவரைப் பார்த்திருக்க, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைக்கப்பட்டிருந்தன.

அவள் புருஷன் ஸ்டீபன் அப்படித்தான் வைப்பான்.

அவள் ஆப்புகளை எடுத்தாள். ஈரமாக இருந்தன. மழைக்காலம், எல்லாமே ஈரமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அந்த நினைப்பைத் தானே நம்பாமல், விசிறியை மறுபடி படுக்க வைத்தாள். தரையைப் பார்த்திருந்த இறக்கையைத் தூக்கும்போது, தூங்கும் மனுஷனின் கையைத் தூக்குவது போல இருந்தது.

பத்து மணி வாக்கில் அஸ்கர் அலி வந்தார். பழவேற்காட்டிலிருந்து பைக்கில் வந்த ஈரத்தோடு நேரே அவளிடம் வந்து நின்றார்.

"இன்னா ஷைனி, முத்திரை அடிச்சிட்டியா இல்லியா? நாளைக்கு பெங்களூரு பார்ட்டி வராரு. அவரு எதுர்ல இன்ஜின் ஓடணும்."

"ஒரு ரெக்கை கனமாவே கீது பாய்."

"லைட்டா கீற ரெக்கைக்கு இன்னொரு கோட்டிங் குடு."

"குடுத்துக்கினேதான் கீறேன். இது ஏற ஏற அதுவும் கூட ஏறுது."

மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆதிகேசவன் சிரித்தார். கொட்டகையின் மூத்த மெக்கானிக் அவர். "தேங்கா வாங்க வந்தவ மாறி காசால தட்டிக்கினே கீறா பாய். இளசா முத்தலான்னு சொன்னாதானே நம்ம வண்டி ஓடும்?"

ஷைனி சிரிக்கவில்லை. "இதோட நம்பர் எங்க பாய்? நடுக்கட்டையில ஒண்ணுமே இல்ல."

"பழைய சாமான். தேஞ்சி போயிருக்கும்."

"தேயல. யாரோ உப்புத்தாள் போட்டுத் தேச்சிருக்காங்க."

அஸ்கர் அலி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கொஞ்ச நேரம் அவளைப் பார்க்காமல் மழையைப் பார்த்தார். "தபாரு ஷைனி, ஸ்டீபன் போனதுக்கப்பறமும் உன்ன நான் போன்னு சொல்லல. சாயந்தரத்துக்குள்ள அடிச்சி உடு. நீ அடிக்கலன்னா கேசவன் அடிப்பாரு. அப்பறம் உனக்கு இங்க இன்னா வேலன்னு நானே கேக்கற மாறி ஆயிடும். பேஜாரு பண்ணாத."

ஆரம்பாக்கத்து வீட்டில் மகள் மேரிக்கு இந்த வேலைதான் சோறும் பள்ளிக்கூடமும். ஷைனி தலையாட்டினாள். ஆனால் நாளைக்கு இயந்திரத்தைக் கிளப்ப இந்த விசிறியைக் கையால் சுற்றப்போவது யாரோ ஒரு மனிதன். அவன் நெற்றி இந்த இறக்கைக்கு ஒரு முழத் தூரத்தில் இருக்கும். அவள் முத்திரையை நம்பித்தான் அவன் அங்கே நிற்பான்.

சித்திரை மாதத்தில் ஸ்டீபன் அப்படித்தான் நின்றான்.

அதற்கென்று ஒரு முறை இருந்தது. விசிறிக்கு எதிரே நிற்பவன் "ஸ்விட்ச் ஆஃப்?" என்று கத்துவான். விமானத்தில் உட்கார்ந்திருப்பவர் ஸ்விட்சைப் பார்த்து, தொட்டு, "ஆஃப்" என்று பதில் சொல்வார். பதில் வரும்வரை நிற்பவன் இறக்கையில் கை வைக்க மாட்டான். பிறகு இயந்திரம் பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ள மெதுவாகச் சுற்றிவிட்டு, "கான்டாக்ட்?" என்று கேட்பான். உள்ளே இருப்பவர் ஸ்விட்சைப் போட்டுவிட்டு "கான்டாக்ட்" என்பார். அப்புறம்தான் ஓங்கி இழுப்பது.

அன்றைக்கு உள்ளே இருந்தது ஆதிகேசவன். பதில் சொல்லிச் சொல்லி அவருக்கு அது கொட்டாவி மாதிரி ஆகியிருந்தது. "அண்ணன் ஊட்ல அண்ணி சாப்பிடக் கூப்ட்டாகூட 'ஆஃப்'ன்னுதான் சொல்வாரு" என்று ஸ்டீபன் கேலி செய்வான். அன்றும் அவர் "ஆஃப்" என்றார். ஸ்டீபன் கை வைத்துச் சுற்றினான். இயந்திரம் ஒரே ஒரு முறை உதைத்தது. ஒரே முறை. ஸ்விட்ச் ஆஃபில்தான் இருந்தது, உள்ளே ஒயர் அறுந்திருந்ததால் அது இயந்திரத்தை நிறுத்தவில்லை என்று ஆதிகேசவன் எல்லோரிடமும் சொன்னார். எதையாவது அடித்த விசிறியை மறுபடி யாரும் மாட்டிவிடக் கூடாதென்று நடுவில் அறுத்துப் போடுவது வழக்கம். ஸ்டீபனை அடித்த விசிறியையும் அறுத்து ஆலையின் அடுப்புக்குக் கொடுத்துவிட்டதாக அஸ்கர் அலி சொன்னார்.

மத்தியானத்துக்கு மேல் வானம் இன்னும் இறங்கி வந்தது. ஆலைப் புகை மழையோடு சேர்ந்து கரியாகச் சொட்ட, கூரைத் தகரத்தின் சத்தத்தில் ஆட்கள் பேசுவது கேட்காமல், ஒவ்வொருவராகச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ரயிலைப் பிடிக்கப் போனார்கள். அஸ்கர் அலியும் போனார். ஆதிகேசவன் மட்டும் பின் முற்றத்தில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தார். கொட்டகையின் மறுகோடியில், மூக்கில் விசிறி இல்லாத அந்த மஞ்சள் விமானம் தார்ப்பாய்க்குள் முக்காடிட்டு உட்கார்ந்திருந்தது. விமானத்துக்கும் அவளுக்கும் நடுவில், ஈர வார்னிஷ் வாசனையும், அதற்கு அடியில் இன்னொரு வாசனையும்.

அந்த வாசனை அவளுக்குத் தெரியும். இந்தச் சிமென்ட் தரையை ஃபினாயில் ஊற்றி அவர்கள் கழுவிக் கழுவிப் பார்த்த அன்றைக்கு வந்தது.

அவள் ஒரு ரூபாய்க் காசை எடுத்து இறக்கையை நுனி நோக்கித் தட்டிக்கொண்டே வந்தாள். டொக். டொக். டொக். நல்ல மரம் பேசுகிற சத்தம். நுனிக்கு ஒரு சாண் இருக்கும்போது அது மாறியது. தப். ஈரத் துணியில் தட்டியது போல. தப்.

இறக்கையின் ஓரம் முழுக்கப் பித்தளைத் தகடு வளைத்து, ஸ்க்ரூ அடித்து, ஸ்க்ரூ தலைகளை ஈயப்பற்றால் மூடியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே புதுப் பெயின்ட். ஷைனி நகத்தால் சுரண்டினாள். பெயின்ட் தோல் போல உரிந்து வந்தது. விரலால் ஈயப்பற்றுகளைத் தடவிக்கொண்டே போனாள். கடைசிக்கு முந்தினதில் விரல் நின்றது.

பிறை மாதிரி ஒரு கீறல்.

போன வருஷம், அரத்தைப் போட்டு அவள் இதை வழுவழுப்பாக்கிக்கொண்டிருந்தபோது ஸ்டீபன் பின்னால் வந்து காதில் ஊதினான். கை வழுக்கிவிட்டது. "உன் கையெழுத்து போட்டுட்ட போ" என்று அவன் சிரித்தான்.

அறுக்கவில்லை. எரிக்கவில்லை. அவளிடமே பூச்சு பூசக் கொடுத்திருக்கிறார்கள்.

நுனியில் ஈரம் வடிய ஊசித்துளைகள் இருக்கும். அந்தத் துளையிலிருந்து ஒரு சொட்டு திரண்டு, யோசித்து, தரையில் விழுந்தது. வெளிச்சம் போதாமல் அது என்ன நிறம் என்று தெரியவில்லை.

கரண்ட் போனது.

அந்த வருஷம் கரண்ட் போவது புதிதல்ல. ஆலையின் இரைச்சலும் அத்தோடு நின்றது. மழையும் ஏனோ தணிந்தது. காது அடைத்துக்கொண்டது போல ஓர் அமைதி. மேஜை விளிம்பைப் பிடித்தபடி ஷைனி நின்றாள். ஷட்டர் இடுக்கில் சாம்பல் வெளிச்சம் கொஞ்சம் இருந்தது.

ஆப்பு ஒன்று நகர்கிற சத்தம். மரத்தின் மேல் மரம்.

பிறகு இன்னொன்று.

மேஜையில் அவள் கைக்குப் பக்கத்தில் எதையோ மெதுவாக வைத்தார்கள். அதன் பக்கத்தில் மற்றொன்றை. ஒட்டி.

அவள் கையை மேஜை விளிம்பிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"ஸ்விட்ச் ஆஃப்?"

கத்தவில்லை. சாதாரணமாக, வேலை நேரத்தில் கேட்பது போல. கொஞ்சம் ஜலதோஷம் பிடித்த குரல். அந்தச் சித்திரையிலும் அவனுக்கு ஜலதோஷம் இருந்தது.

சொல்லாதே. வாயைத் திறக்காதே. பதில் வராதவரை அவன் கை வைக்க மாட்டான். கை வைக்காதவரை அவனுக்கு ஒன்றும் ஆகாது.

பின்கதவு திறந்தது. டார்ச் வெளிச்சம் தரையில் ஆடிக்கொண்டு வந்தது.

"இன்னாம்மா ஷைனி, இருட்ல ஒண்டியா இன்னா பண்ற? ஊட்டுக்குப் போலியா?"

"ஸ்விட்ச் ஆஃப்?"

"ஆஃப்" என்றார் ஆதிகேசவன்.

நடந்துகொண்டே சொன்னார். எதையும் பார்க்காமல். சொன்ன பிறகுதான் அவர் கால் நின்றது. டார்ச் கையிலிருந்து விழுந்து உருண்டு, வெளிச்சம் தாங்கியின் மேல் போய் நிலைத்தது.

விசிறி அசைந்தது. யாரோ உள்ளங்கையால் தாங்கி இழுப்பது போல, பக்குவமாக, ஒரு சுற்று. அதே நேரத்தில் கொட்டகையின் மறுகோடியில், விசிறியே மாட்டாத அந்த விமானத்தின் மூக்குக்குள், தார்ப்பாய்க்கு அடியில், இயந்திரம் ஈரமாக ஒரு மூச்சு உறிஞ்சியது.

இன்னொரு சுற்று.

இன்னொரு மூச்சு.

கனத்த இறக்கை மேலே ஏறியது. கனமானது கீழேதான் வரும். அது மேலே ஏறி, ஓர் ஆளின் தோள் உயரத்துக்குச் சாய்வாக வந்து நின்றது. ஈர வார்னிஷில் நான்கு குழிகள் விழுந்தன. பக்கத்தில் இன்னும் நான்கு. விரல்கள். அவள் பார்க்கப் பார்க்க ஆழமாயின.

ஆதிகேசவன் தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, விரல் இடுக்கு வழியாக அழுதார். "நான் சொல்லலம்மா. வாய் தானா சொல்லிச்சி. அன்னிக்கும் இப்டித்தாம்மா... பாக்கவே இல்ல, ஷைனி. நான் ஸ்விட்ச்ச பாக்கவே இல்ல."

அவளுக்கு அது தெரியும். எப்போதிலிருந்தோ தெரியும். தெரிந்து இப்போது ஒன்றும் ஆகப்போவதில்லை.

"கான்டாக்ட்?"

தார்ப்பாய் உப்பி, அடங்கியது.

"சொல்லிரும்மா." ஆதிகேசவன் அவள் புடவையைப் பிடித்தார். "நீ சொன்னா கேப்பான். சொல்லிட்டா முடிஞ்சிடும். போய்டுவான். என்னால ஆவாது, என் வாயால மறுபடியும் ஆவாது. நீ சொல்லும்மா."

சொன்னால் அவன் இழுப்பான். இந்தத் தரையில், இந்த இடத்தில், மறுபடி. சொல்லாவிட்டால் அவன் இப்படியே நிற்பான், கையை ஓங்கியபடி, நாளைக்கும், அதற்கு மறுநாளும். நாளைக்கு இதை மூக்கில் மாட்டுவார்கள். யாராவது உட்காருவார்கள். யாராவது பழக்கத்தில் பதில் சொல்வார்கள்.

இறக்கை லேசாக நடுங்கியது. அதிக நேரம் பாரத்தைத் தாங்கிய கை நடுங்குவது போல. விரல் குழிகளிலிருந்து ஏதோ வடிந்து, பித்தளை ஓரத்தில் இறங்கி, அந்தப் பிறைக் கீறலில் தங்கி, சொட்டியது.

"கான்டாக்ட்?"

இந்தத் தடவை குரல் கொஞ்சம் கெஞ்சியது.

ஷைனி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். ஆதிகேசவன் அவள் முகத்தையே பார்த்தார்.

"மாட்டேண்ணா. வேற யாரையும் சொல்லவும் உடமாட்டேன்" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு உதடுகளை மூடிக்கொண்டாள்.