சனிக்கிழமைச் சம்மதம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வழக்கறிஞர் டூஹி அலுவலகத்தைத் திறந்தார். குடையை மாட்டினார். தபால்களைப் பிரித்தார். அயர்லாந்தின் ஸ்லைகோ ஊரில் அன்றும் மழை. உதவியாளர் ஊனா ஐந்து நிமிடம் தாமதமாக வந்தாள்.

ஒன்பதரைக்கு மலக்கி கில்ராய் மனைவி டெர்வ்லாவுடன் வந்தார். அவள் கணவனின் பெரிய செருப்பை மாட்டிக்கொண்டு, பாதத்தின் ஓரத்தை ஊன்றி நடந்தாள்.

"நான் ஃபிராடாம் சார்! வீட்டை விக்க இவ போடவேண்டிய சம்மதக் கையெழுத்தை நானே போட்டுட்டேனாம். வீட்டை வாங்கறவரோட வக்கீல் போலீசுக்குப் போறேங்கறாரு."

டூஹி தாளைப் பார்த்தார். ஜூலை பதினான்கு, சனிக்கிழமை. கையெழுத்து நடுங்கியிருந்தது. மலக்கி விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் அதே நாள் மாலைதான்.

"இவரேதான் போட்டிருக்காரு சார்," என்று ஊனா கிசுகிசுத்தாள்.

"சும்மா இரு."

"என் கையெழுத்துதான்," என்றாள் டெர்வ்லா. "சனிக்கிழமை காலையில, சமையல்கட்டுல போட்டேன்."

"லஃப் டெர்க் யாத்திரைத் தீவுல கல்லு ரொம்பக் குத்துச்சா?" என்று கேட்டார் டூஹி.

"ரத்தமே வந்து..." அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மூணு நாள் வெறுங்கால் பிரார்த்தனை. அந்தக் காயம் இன்னும் ஆறலை, அப்ப போன வெள்ளிக்கிழமைதான் போயிருப்பீங்க. வெள்ளிக்கிழமை போனவங்களுக்கு ஞாயித்துக்கிழமை காலையிலதான் படகு. அப்ப சனிக்கிழமை சமையல்கட்டுல யாரு? கையெழுத்து உங்களோடதுதான். ஒரு ராத்திரி முழுக்கக் கண்விழிச்ச கை, அதான் நடுங்குது. தேதிதான் பொய்."

டெர்வ்லா பாதங்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"நான் தீவுல இருந்தப்ப என்னைக் கேக்காமலே ஒப்பந்தம் போட்டுட்டாரு," என்றாள் டெர்வ்லா. "இவரு மாட்டிக்கக் கூடாதேன்னு ஞாயித்துக்கிழமை வந்து முன்தேதி போட்டேன். விக்க அவ்வளவு ஆசை போலன்னு நெனச்சேன்."

"எனக்கா ஆசை?" மலக்கி துள்ளி எழுந்தார். "பிள்ளைங்க போனப்புறம் வீடு வெறிச்சுனு இருக்குன்னு அழுதது யாரு? உனக்காகத்தானே வித்தேன்!"

"அழுதேன். விக்கச் சொன்னேனா?"

ஊனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"குடும்பம் குடியிருக்கற வீட்டை விக்கணும்னா மனைவியோட சம்மதம் ஒப்பந்தத்துக்கு முன்னாடியே எழுத்துல இருக்கணும்," என்றார் டூஹி. "ஒரு நாள் பிந்தினாலும் ஒப்பந்தம் செல்லாது. அந்த வக்கீல்கிட்ட உண்மையை நானே சொல்றேன். வீடு எங்கேயும் போகலை."

மலக்கி பொத்தென்று உட்கார்ந்தார். டெர்வ்லா அவர் காலர் மடிப்பைச் சரிசெய்தாள்.

"முப்பது வருஷமா ஒரே கட்டில்ல படுக்கறோம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டா என்னவாம், கழுதை?"