அறுநூற்றிருபது கிலோ காணவில்லை

காலை 8.05. பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

மேனேஜர் போட்ட கூச்சலில் வாசல் வாட்ச்மேன் தொப்பியைக்கூட மறந்துவிட்டு ஓடிவந்தார். ஆள் நீளத்துக்கு மரப்பெட்டி. பக்கப் பலகை பெயர்ந்து, சீல் அறுந்து தொங்கியது. ஹாலின் பின்பக்க ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. அதன் பூட்டை யாரோ வெட்டி வெளியே போட்டிருந்தார்கள்.

8.50க்கு இன்ஸ்பெக்டர் வந்தார், ஏட்டுவை அழைத்துக்கொண்டு. இருபத்தாறு வருஷ சர்வீஸ். திருடர்களைப் பார்த்து அந்த அம்மாளுக்கு அவ்வளவாகக் கோபம் வராது. நிறைய வைத்திருந்து கொஞ்சம் பறிகொடுத்தவர்கள் போடும் ஒப்பாரியைக் கேட்டால்தான் வரும். இந்த ஷோரூமில் அதற்குக் குறைவிருக்காது என்று வாசலிலேயே தெரிந்தது. வரவேற்பு மேஜையில் கார் சாவி வைக்க ஒரு வெல்வெட் தலையணை. அதைப் பார்த்ததும் மூக்கைச் சுளித்தார்.

"என்ன போச்சு?"

"மேடம், பேட்டரி. சாதாரண பேட்டரி இல்லை. எங்க எலெக்ட்ரிக் காருக்கு வந்த புது மாடல். ஒரு தடவை சார்ஜ் போட்டா தொள்ளாயிரம் கிலோமீட்டர். பன்னிரண்டு கஸ்டமர் ரெண்டு வருஷமா காத்துக்கிட்டிருக்காங்க. இன்னிக்குப் பத்து மணிக்கு விழா, முதல் காருக்கு மாட்டணும்."

"பேட்டரி மாட்டுறதுக்கு விழாவா?"

மேனேஜர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். அந்தக் கேள்வி அவருக்குப் புரியவில்லை.

"எவ்வளவு எடை?"

"அறுநூற்றிருபது கிலோ."

ஹாலின் நடுவில் கருநீலக் கம்பளம் விரித்திருந்தார்கள். முந்தின நாள் மதியம் வந்த புதுக் கம்பளம். அதன்மேல் பெட்டி, இரு பக்கமும் மூன்று கால் இரும்பு ஸ்டாண்டுகளில் பூச்சாடிகள். பெட்டியும் ஒரு பூச்சாடியும் இடம் மாறி ஓரமாக இருந்தன.

"இதையெல்லாம் தொட்டது யாரு?"

"நான்தான் மேடம்," என்றார் வாட்ச்மேன். "ஒருவேளை பின்னாடி சரிஞ்சு விழுந்திருக்குமோன்னு தள்ளிப் பார்த்தேன்."

"அறுநூறு கிலோ சாமான் பூச்சாடிக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்குமா?"

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். இன்ஸ்பெக்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். பூச்சாடி நின்ற இடத்தில் கம்பளத்தில் மூன்று குழிகள். பெட்டி நின்ற இடத்தில், அதன் அடிக்கட்டைகள் பதிந்த இரண்டு மெல்லிய கோடுகள். உள்ளங்கையால் தடவினார். கோடுகள் மறைந்தன. எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"பெட்டி எப்ப வந்துச்சு?"

"நேத்து சாயங்காலம் நாலு மணிக்கு," என்றார் மேனேஜர். "லாரிக்காரங்க ரெண்டு பேர் தள்ளுவண்டியிலே கொண்டுவந்து இங்கேயே இறக்கினாங்க. அப்புறம் யாரும் தொடலை. கேமரா ஓடலை, விழாவுக்காக வயரிங் மாத்திக்கிட்டிருந்தோம்." குரலைத் தாழ்த்தினார். "மேடம், நான் யார் மேலேயும் பழி போடுற ஆள் இல்லை. ஆனா பூட்டை வெட்டின கட்டர் எங்க மெக்கானிக் அம்மாவோட டூல் அலமாரியிலே இருக்கு. வெட்டின இரும்புத்தூள் அதிலே அப்படியே ஒட்டியிருக்கு. அலமாரிச் சாவி அவங்ககிட்ட மட்டும்தான். பெட்டியை வாங்கிக் கையெழுத்துப் போட்டதும் அவங்கதான்."

"யார் மேலேயும் பழி போடாத ஆள்," என்றார் இன்ஸ்பெக்டர். "அது நல்லாவே தெரியுது."

காலை 9.15. மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். நாற்பது வயதுப் பெண். பட்டறையில் எல்லோரும் 'பேட்டரி அக்கா'வைச் சுருக்கி பேட்டரிக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முகம் வெளுத்திருந்தது.

"பெட்டியைத் திறந்து பார்த்தியா?"

"இல்லை மேடம். வோல்டேஜ் பார்த்துட்டுத்தான் வாங்கணும், அதான் விதி. மேனேஜர் சார், விருந்தாளிங்க முன்னாடிதான் சீலைப் பிரிக்கணும், நீங்க கையெழுத்தை மட்டும் போடுங்கன்னார்."

"போட்டுட்டே."

"போட்டுட்டேன்."

"நாளைக்கு உன் வீட்டையே எழுதிக் கொடுக்கச் சொன்னாலும் போடுவியா?"

பேட்டரிக்கா இடுப்பிலிருந்த சாவியைக் கழற்றி நீட்டினாள்.

"அலமாரிச் சாவி?"

"என்கிட்ட ஒண்ணு. ஆபீஸ்லே எல்லாத்துக்கும் மாத்துச்சாவி உண்டு."

"மேனேஜருக்கு உன் மேலே என்ன கோபம்?"

"கஸ்டமருங்க வந்து, புதுசு எப்ப வரும், எப்ப வரும்னு கேப்பாங்க. உங்க வண்டியிலே இருக்கிறதே பத்து வருஷம் தாங்கும், உங்களுக்கு எதுக்கு சார் இன்னொண்ணுன்னு சொல்லிடுவேன். அது அவருக்குப் பிடிக்காது. மேடம், வீட்டிலே அம்மாவும் என் பொண்ணும் என் சம்பளத்தை நம்பித்தான் இருக்காங்க. அறுநூறு கிலோவை நான் எங்கே கொண்டுபோய் ஒளிக்கப் போறேன்?"

அதற்குள் வாசலில் கார் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது.

காத்திருந்த பன்னிரண்டு பேரில் முதலாவது ஆள், திருட்டு விஷயம் கேள்விப்பட்டு வந்துவிட்டார். ஷோரூமில் அவருக்கு 'நம்பர் ஒன்' என்றே பெயர். அதைப் பட்டம் போல வைத்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் கண்ணாடி வழியே அவர் காரைப் பார்த்தார். வாங்கி இரண்டு வருஷமான கார். சீட்டுகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

"உறையை ஏன் எடுக்கலை?"

"புது பேட்டரி போட்ட பிறகுதான் மேடம் அது முழுக் கார். அதுவரைக்கும் எதுக்கு அழுக்காக்கணும்?"

"தினம் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?"

"வீட்டிலேர்ந்து கிளப்புக்கு. போக வர பதினோரு கிலோமீட்டர்."

இன்ஸ்பெக்டர் அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். பதினோரு கிலோமீட்டருக்குத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் பேட்டரி. கையலம்பச் சமுத்திரத்தையே வாங்குகிற ஜாதி.

"இந்த அவமானம் எனக்கு மட்டுமா?" என்று நம்பர் ஒன் பொரிந்தார். "என் மச்சான், சம்பந்தி எல்லாருக்கும் சொல்லியாச்சு. என் மிஸஸ் விடியற்காலையிலேயே அலங்காரத்துக்கு உட்கார்ந்தவ, கொண்டையைப் பிச்சுப் போட்டுட்டா. பார்லர்காரியை ஏழரைக்குத் திருப்பி அனுப்பினோம். கொண்டை ஊசி எல்லாம் என் மேலே எறிஞ்சா! இந்த பேட்டரிக்கா முகத்தைப் பார்த்தாலே தெரியுது, இவதான். எப்பவும் எங்களை ஒரு மாதிரி கேலியா பார்ப்பா. புடிச்சு உள்ளே போடுங்க!"

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "இந்தம்மாவை நாங்க நம்பினோம், மேடம்."

ஏட்டு இன்ஸ்பெக்டரின் காதருகில் குனிந்தார். "அம்மா, அந்தப் பொண்ணை ஸ்டேஷனுக்கு..."

"பொறுய்யா." பேட்டரிக்கா பக்கம் திரும்பினார். "பட்டறையிலே பழைய பேட்டரி ஏதாவது இருக்கா?"

"ரிப்பேருக்கு வந்தது ஒண்ணு இருக்கு. ஐந்நூற்று நாற்பது கிலோ. இதே மாதிரிப் பெட்டியிலேதான்."

"தள்ளுவண்டியிலே ஏத்தி இங்கே கொண்டு வா."

காலை 10.20. பேட்டரிக்காவும் பட்டறை ஆட்கள் இருவரும் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சக்கரம் கம்பளத்தில் ஏறியதுமே கருநீலத்தில் இரண்டு வாய்க்கால் வெட்டியது போல ஆயிற்று. பெட்டியை இறக்கி, சரியாகப் பத்து நிமிஷம் வைத்தார்கள். பிறகு தூக்கினார்கள். அடிக்கட்டைகள் பதிந்த பள்ளத்தில் ஏட்டுவின் விரல் ஒரு கணு இறங்கியது.

"இது பத்து நிமிஷம்," என்றார் இன்ஸ்பெக்டர். "உங்க புது பேட்டரி, மேனேஜர் சார், இதைவிட எண்பது கிலோ கூட. நேத்து நாலு மணியிலேர்ந்து இங்கே உட்கார்ந்திருந்துச்சு. இதோ, இந்தப் பூச்சாடி பத்து கிலோ இருக்குமா? அது போட்ட குழி இன்னும் எழும்பலை. உங்க பெட்டி போட்ட கோட்டை நான் கையாலேயே துடைச்சுட்டேன். வண்டிச் சக்கரத் தடம் ஒண்ணுகூட இல்லை, வந்ததுக்கும் சரி, போனதுக்கும் சரி."

ஏட்டு பள்ளத்திலிருந்து விரலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இங்கேர்ந்து எதுவும் திருடு போகலை. ஏன்னா இங்கே எதுவும் வரலை. வந்தது காலிப் பெட்டி."

"அப்ப... அப்ப லாரிக்காரங்கதான் வழியிலே..." மேனேஜருக்கு வியர்த்தது. "எங்களையும் ஏமாத்திட்டாங்க மேடம்!"

"இருங்க. நம்பர் ஒன் சார், உங்க மிஸஸ் எதுக்குக் கொண்டையைப் பிச்சாங்க?"

"விழா தள்ளிவெச்சாச்சுன்னு மெசேஜ் வந்துச்சே!"

"காட்டுங்க."

நம்பர் ஒன் போனை நீட்டினார். இன்ஸ்பெக்டர் சத்தமாக வாசித்தார். "'எதிர்பாராத காரணத்தால் இன்றைய விழா ஒத்திவைக்கப்படுகிறது. பொறுத்தருள்க. மேனேஜர்.' வந்த நேரம், ஏழு பத்து." போனைத் திருப்பி மேனேஜர் முகத்துக்கு நேரே பிடித்தார். "பெட்டி காலின்னு நீங்க கூச்சல் போட்டது எட்டு அஞ்சுக்கு. எதிர்பாராததை அம்பத்தஞ்சு நிமிஷம் முன்னாடியே எதிர்பார்த்திருக்கீங்க. பன்னிரண்டு பேரும் குடும்பத்தோட வந்து உங்க சட்டையைப் பிடிப்பாங்கன்னு பயம். திருட்டை ஜோடிக்கத் தைரியம் இருந்துச்சு, அரை மணி நேரம் திட்டு வாங்கத் தைரியமில்லை."

மேனேஜர் பக்கத்திலிருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டர் வரவேற்பு மேஜைப் போனிலிருந்தே தொழிற்சாலைக்குப் பேசினார். நாலே நிமிஷத்தில் பதில் வந்தது. புது பேட்டரி இன்னும் சோதனையில் இருக்கிறது. ரெண்டு வருஷம் ஆகலாம். இதை மேனேஜருக்குப் பத்து நாள் முன்பே எழுதித் தெரிவித்துவிட்டார்களாம்.

"வரும், வரும்னு சொல்லிட்டேன் மேடம்," என்றார் மேனேஜர். குரல் தேய்ந்திருந்தது. "தினம் பன்னிரண்டு போன். வராதுன்னு சொன்னா எல்லாரும் காரைத் திருப்பிக் கொடுத்துடுவாங்க. அடுத்த மாசம் எனக்குப் பதவி உயர்வு. காலிப் பெட்டிக்கு சீல் வெச்சு லாரியிலே வரவெச்சது நான்தான். திருட்டுப் போச்சுன்னா, பாவம்னு இன்னும் ரெண்டு வருஷம் காத்திருப்பாங்க."

"அதுக்கு இவங்க ஜெயிலுக்குப் போகணுமா?"

"ஜாமீன் கிடைச்சிருக்கும்..."

ஏட்டுவே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கரப்பான்பூச்சியை மிதித்துவிட்டுச் செருப்பைப் பார்ப்பது போல இன்ஸ்பெக்டர் மேனேஜரைப் பார்த்தார்.

"பொய்ப் புகாருக்கு நானே கேஸ் போடுறேன். உங்களை ஏமாத்தினதுக்கு நீங்கதான் எழுதிக் கொடுக்கணும்," என்றார் நம்பர் ஒன்னிடம். "ரெண்டு வருஷமா இல்லாத பொருளைக் காட்டி உட்கார வெச்சிருக்கார். பேப்பர் தரட்டுமா?"

நம்பர் ஒன் கழுத்தைத் தடவிக்கொண்டார். "எழுதிக் கொடுத்தா... லிஸ்ட்லே என் முதல் இடம் என்ன ஆகும்?"

"எந்த லிஸ்ட்?"

"ரெண்டு வருஷம் கழிச்சு வருமில்லே மேடம், அந்த லிஸ்ட். கம்பெனியைப் பகைச்சுக்கிட்டா ரெண்டாவது ஆள் உள்ளே நுழைஞ்சிடுவான். அவன் என் சகலை." மேனேஜர் பக்கம் குனிந்தார். "சார், உங்களுக்கு அடுத்து யார் இந்த சீட்டுக்கு வருவாங்க? அவர் நம்பர் கிடைக்குமா?"

இன்ஸ்பெக்டர் பேப்பரை மடித்து உள்ளே வைக்கப் போனார்.

"அதை இங்கே கொடுங்க மேடம்," என்றாள் பேட்டரிக்கா. "ஒரு பேப்பர் போதாது."

வெல்வெட் தலையணையைத் தூக்கித் தரையில் போட்டுவிட்டு, வரவேற்பு மேஜைமேல் தாளைப் பரப்பினாள். கிரீஸ் படிந்த விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"என் அலமாரியை யார் திறந்தது, எந்தச் சாவியிலே, கட்டரை யார் எடுத்தது, எல்லாத்தையும் எழுதறேன். இவரு பேரு, பதவி, எல்லாம். உங்களுக்கு அவசரமில்லையே?"

"இல்லை," என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க நிதானமா எழுதுங்கம்மா."

ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டார்.