பத்தொன்பது ஓட்டு வித்தியாசம்

கேஷாவின் அப்பா மூன்று நாளாகச் சரியாகப் பேசவில்லை. பூனைக்குப் பால் ஊற்றுவதற்குப் பதில் காபியை ஊற்றிவிட்டார்.

அந்த வடஜெர்மன் ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குப் பரம்பரையாக அவர்கள் வீட்டில்தான் தலைவர். கொள்ளுத் தாத்தா காலத்தில் குதிரை வண்டியில் தண்ணீர் போனது. தாத்தா காலத்தில் மோட்டார் பம்பு வந்தது. பெண்களை முதன்முதலில் படையில் சேர்த்தவர் அப்பா. அப்படிச் சேர்ந்த இம்கேதான் வெள்ளிக்கிழமை தேர்தலில் பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில் அவரைத் தோற்கடித்தார். ஊர் பஸ் ஓட்டுகிற இம்கே!

"என் காலத்துலதான் கைவிட்டுப் போகணுமா?" என்று அப்பா முணுமுணுத்தார்.

திங்கட்கிழமை மதியம் சைரன் அலறியது. ஜன்னல் வழியே பார்த்தால், கால்வாய்க்கு அப்பால் ஆட்டுக்கொட்டகையிலிருந்து கரும்புகை.

அப்பா பாதி எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். "இனி அவங்க பாத்துப்பாங்க."

ஆனால் அவருடைய கால்கள் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. கேஷா அதைப் பார்த்துவிட்டாள். ஓடிப்போய் அவருடைய பூட்ஸைத் தூக்கி வந்து முன்னால் வைத்தாள்.

"யாரு தலைவர்னு உள்ள இருக்கிற ஆட்டுக்குட்டிக்குத் தெரியுமாப்பா?"

அப்பா அவளை முறைத்தார். பிறகு பூட்ஸைப் பார்த்தார். அடுத்த நொடி கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

கேஷா சைக்கிளில் போய், படையினர் கட்டியிருந்த தடுப்புக் கயிற்றுக்கு வெளியே நின்றாள். அப்பாவைக் கண்டதும் இம்கேவின் முகம் வெளிறிப்போனது. அவருக்குக் கட்டளை போடத் தயங்கினார். குழாயைப் பிடித்திருந்தவர்கள் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அப்பா நிமிர்ந்து நின்றார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்: "தலைவி, நான் எங்க போகணும்?"

இம்கே ஒரு மூச்சு இழுத்துவிட்டார். "பின்பக்கக் கதவு! ஆடுங்களை வெளிய விரட்டுங்க!"

அப்பா ஓடினார். கொஞ்ச நேரத்தில் ஆடுகள் திமுதிமுவென்று வந்தன. கடைசியாக, அக்குளில் ஒரு குட்டியை இடுக்கிக்கொண்டு இருமியபடியே அப்பா வந்தார். திடீரென்று காற்று திரும்பியது. "எல்லாரும் பின்னால வாங்க!" என்று இம்கே கத்தினார். அவர்கள் நகர்ந்ததும் கூரை சரிந்து விழுந்தது.

நெருப்பு அணைந்ததும் இம்கே மெதுவாகக் கேட்டார். "சரியாத்தான் செஞ்சேனா?"

"நானா இருந்தா இன்னும் கொஞ்சம் காத்திருப்பேன்," என்றார் அப்பா. "கூரை எங்க மேல விழுந்திருக்கும்."

இம்கே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சனிக்கிழமை பயிற்சி இருக்கு. வருவீங்களா?"

"தாமதமா வந்தா திட்டுவீங்களா?"

"கட்டாயமா!"

"அப்போ சீக்கிரமே வந்துடறேன்."

கரி பூசிய முகத்தோடு அப்பா சிரித்தார். அவருடைய பல் மட்டும் பளிச்சென்று தெரிந்ததைப் பார்த்து, கேஷா கயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.