வெள்ளிக்கிழமைகளில் நோய் இல்லை

வடகரை சட்டமன்ற உறுப்பினர் பூவராகன் பல் தேய்க்கும்போதே தொகுதியின் சர்க்கரை அளவைப் பார்த்துவிடுவார். குளியலறைக் கண்ணாடியின் மூலையில் அது ஓடிக்கொண்டிருக்கும். சர்க்கரை, இரத்த அழுத்தம், காய்ச்சல், இருமல் எல்லாமே மக்கள் மணிக்கட்டில் மாட்டியிருக்கும் நாடிக்காப்புகள் அனுப்புபவை. திங்கட்கிழமைகளில் நிலவரம் மோசமாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறு அப்படி. பூவராகன் அதைப் பார்த்து ஒருநாளும் கலங்கியதில்லை. திங்கட்கிழமை யாருக்கு எந்த நோய் இருந்தாலும் அரசாங்கம் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கணக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு.

சலவை மடிப்பு கலையாத வேட்டியுடன் அவர் கீழே இறங்கி வந்தபோது அலுவலகத்தில் மனுக்கூட்டம் நிறைந்திருந்தது. பி.ஏ. கலியபெருமாள் வழக்கம்போல மக்களை இரண்டு பெஞ்சுகளில் பிரித்து உட்கார வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை பேருந்தில் ஏறக்கூடியவர்கள் இந்தப் பக்கம், தூக்கி ஏற்ற வேண்டியவர்கள் அந்தப் பக்கம்.

"இருமல் இன்னும் விடலையா பெரியவரே?" என்று பூவராகன் முதல் ஆளின் தோளைத் தொட்டார்.

"இருக்குதுங்க. ஆனா வெள்ளிக்கிழமை இருக்காதுங்க."

"அதான் வேணும்!" பூவராகன் சிரித்தார். பெஞ்சுகளும் சிரித்தன. சிரித்ததில் நாலைந்து பேருக்கு இருமல் வந்தது.

நலஎடைச் சட்டம் வந்த வருடம் பூவராகன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தெருவில் பட்டாசு வெடித்தவர்களில் அவரும் ஒருவர். எந்தத் தொகுதி மக்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்களோ அந்தத் தொகுதி உறுப்பினரின் வாக்குக்குச் சபையில் எடை அதிகம். நோய் கூடினால் அரை வாக்கு. இன்னும் கூடினால் வாக்கே கிடையாது, மேசையை மட்டும் தட்டலாம். இப்படி ஒரு சட்டம் இருந்தால் எந்த அரசியல்வாதிதான் மக்களின் உடம்பைப் பேணாமல் இருப்பான் என்று அதை எழுதிய நிபுணர்கள் நம்பினார்கள். நல்ல மனிதர்கள். அரசியல்வாதியை அவர்கள் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்திருந்தார்கள்.

முதல் சில ஆண்டுகள் உண்மையிலேயே மருத்துவமனைகள் கட்டப்பட்டன, சாக்கடைகள் மூடப்பட்டன. பிறகு யாரோ ஒரு உறுப்பினர் ஒன்றைக் கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நாடிக்காப்பு எந்தத் தொகுதியில் இருக்கிறதோ, நோய் அந்தத் தொகுதியின் கணக்கில்தான் ஏறும். மருத்துவமனை கட்டுவதைவிட நோயாளிகளைச் சுற்றுலா அனுப்புவது மலிவு. அன்றிலிருந்து மாநிலமெங்கும் வெள்ளிக்கிழமைகளில் பக்தி பெருகியது.

"அடுத்து யாருப்பா?"

"நான்தாண்ணே" என்று அஞ்சலாட்சி எழுந்தாள். கட்சியின் வாக்குச்சாவடி முகவர். பூவராகன் நின்ற தேர்தல்களில் எல்லாம் அவருக்காக வீடுவீடாக ஏறி இறங்கியவள். இப்போது முகம் வீங்கி, காலில் செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு வந்திருந்தாள். அவளுடைய கணவன் தெய்வசிகாமணி பின்னால் பையோடு நின்றான்.

"உக்காரும்மா. ஒடம்பு எப்படி இருக்கு?"

"அதான் உங்க கண்ணாடியிலயே ஓடுதாமே. நீங்க பல்லு தேய்க்கறப்ப எங்க மூத்திரம் எவ்ளோன்னு பாக்கறீங்களாமே, ஊரே சொல்லுது."

கலியபெருமாள் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார். பூவராகன் மறைக்கவில்லை. அவளிடம் அவருக்கு அந்த உரிமை உண்டு, அவளுக்கும் உண்டு.

"விஷயத்தச் சொல்லு."

"திங்க, புதன், வெள்ளி டயாலிசிஸ் எனக்கு. நம்ம ஆஸ்பத்திரியில இருக்கறது ஒரே மிஷினு. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிய மூடிட்டு வாசல்ல தோரணம் கட்டிடறீங்க, நர்சம்மாவும் பஸ்சுல ஏறிடுது. என்னை சனிக்கெழமைக்குத் தள்ளிட்டாங்க. புதனுக்கு அப்புறம் சனி வரைக்கும் தாங்கலண்ணே. படுத்தா நெஞ்சுல தண்ணி கோத்துக்குது. இந்த வெள்ளி மட்டும் மிஷின ஓட விடுங்க."

பூவராகன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருமலும் காய்ச்சலும் இலேசான சரக்கு. சிறுநீரகம் அப்படியில்லை. கணக்கில் ஒரு சிறுநீரகத்துக்கு நாற்பது இருமல் சமம். வடகரையின் எடை அந்த வாரம் விளிம்பில் நின்றது. அஞ்சலாட்சி மூன்று மணிக்கு ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தால் அவருடைய வாக்கு பாதியாகிவிடும்.

"இந்த வெள்ளி மட்டும் முடியாதும்மா. அன்னைக்குத்தான் சிறுநீரக நலமனை மசோதா வருது. தாலுகாவுக்குத் தாலுகா மிஷின். என்னுது முழு ஓட்டா விழலேன்னா தோத்துடும். இது யாருக்காக? உனக்காகத்தானே?"

அவர் பொய் சொல்லவில்லை. அந்த மசோதாவுக்காக மூன்று வருடம் அலைந்தவர் அவர். தன் அரசியல் வாழ்க்கையில் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான் என்று தனியாக இருக்கும்போது நினைத்துக்கொள்வார்.

அஞ்சலாட்சி அவர் பக்கம் நிமிர்ந்தாள். "முழு ஓட்டுன்னா ஜெயிச்சிடுமா?"

"கணக்குப் போட்டாச்சு."

"சரி, ஏத்துங்க பஸ்சுல" என்றாள்.

*

ஆற்றுப் பாலம் வடகரைக்கும் சொந்தமில்லை, எதிரே இருந்த தென்கரைக்கும் சொந்தமில்லை. தொகுதி எல்லை வரைந்தவர்கள் இரண்டு பக்கமும் தண்ணீரின் ஓரத்தோடு கோட்டை நிறுத்திவிட்டார்கள். இந்தக் குறையைக் கண்டுபிடித்தபோது இரு தொகுதி உறுப்பினர்களும் கட்சி வேறுபாடு மறந்து கட்டித் தழுவிக்கொண்டதாகச் சொல்வார்கள். அதற்குமுன் வடகரைப் பேருந்துகள் தென்கரைக்கும், தென்கரைப் பேருந்துகள் வடகரைக்கும் நோயாளிகளைச் சுமந்துபோய், வழியில் ஒன்றையொன்று பார்த்து ஹாரன் அடித்துக்கொள்ளும். இப்போது இரண்டும் பாலத்திலேயே நின்றுவிடுகின்றன.

'நல்வாழ்வு நதிப் பெருவிழா' என்ற பதாகையின் கீழ் மோர்ப்பந்தலும் நாதஸ்வரமும் இருந்தன. பூவராகன் கொடியசைத்து அனுப்பிய பேருந்துகள் வெயிலில் வரிசையாக நின்றன. தென்கரை உறுப்பினர் இன்பநிலா, கௌரவ டாக்டர் பட்டம் வாங்கியதிலிருந்து கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் போட்டுக்கொள்பவர், காரிலிருந்து இறங்கினார்.

"வணக்கம் சார். உங்க இருமல் எல்லாம் வந்தாச்சா?"

"வந்தாச்சு மேடம். உங்க சர்க்கரை?"

"ரெண்டு பஸ் வழியில நிக்குது. புளியோதரை சாப்பிடறாங்களாம்."

மூன்று மணி ஆனது. பூவராகன் கையிலிருந்த டேப்லெட்டில் 'நலக்கணிப்பு நடைபெறுகிறது' என்ற எழுத்து தோன்றி ஒரு வட்டம் சுழன்றது. வழக்கமாக ஒரு மூச்சில் முடிந்துவிடும். அன்று சுழன்றுகொண்டே இருந்தது. மாநிலமே ஒரே நேரத்தில் எல்லைகளைத் தாண்டியிருந்ததால் சர்வருக்கு மூச்சு முட்டியது.

தெய்வசிகாமணி பேருந்திலிருந்து இறங்கி ஓடிவந்தான். "ஐயா, அவளால சாய முடியல. உக்காந்த மேனிக்கே மூச்சு வாங்குது. உதடு நீலமாயிடுச்சு. ஒரு வண்டி குடுங்கய்யா, ஆஸ்பத்திரி தோ தெரியுது பாருங்க."

தெரியத்தான் செய்தது. பாலத்திலிருந்து பார்த்தால் வடகரை மருத்துவமனையின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும், அதில் வரைந்திருந்த பூவராகனின் சிரித்த முகமும் தெரியும்.

"கணக்கு முடியட்டும்பா. இதோ முடிஞ்சிடும்" என்றபடி பூவராகன் பேருந்தில் ஏறினார்.

அஞ்சலாட்சி முன்சீட்டின் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் இழுத்தாள். நர்ஸ் பக்கத்தில் நின்று விசிறினாள். அவளால் அங்கே வேறொன்றும் செய்ய முடியவில்லை.

"அண்ணே... நான் ஆஸ்பத்திரிக்குப் போறேண்ணே."

"பத்து நிமிஷம்மா. உனக்காகத்தானே இந்த மசோதா."

"எனக்காகவா?" அவள் தலையைத் தூக்கினாள். "அப்ப நானே சொல்றேன். வேணாம்."

பூவராகன் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே ஒரு ஜீப் நின்றது. ஓட்டுநரை நோக்கிக் கையசைத்தால் போதும். கை பாதி உயர்ந்தது. அந்த நேரத்தில் கலியபெருமாள் படியில் நின்று, "அண்ணே, எண்பது சதவீதம் முடிஞ்சிடுச்சு" என்றார். கை அப்படியே முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கியது.

வட்டம் நின்றது. வடகரை: முழு எடை. அடுத்த நொடியே டேப்லெட்டில் சபையின் தொலைவாக்குப் பெட்டி திறந்தது. பூவராகன் கட்டைவிரலை அழுத்தினார். மசோதா நிறைவேறியது. பந்தலில் யாரோ வெடி கொளுத்தினார்கள்.

"போ, போ! வண்டியத் திருப்பு!" என்று அவர் கத்தியபோது, முன்னும் பின்னும் தென்கரையின் சர்க்கரைப் பேருந்துகள் வந்து அடைத்திருந்தன. ஜீப்பில் தூக்கி ஏற்றினார்கள். அஞ்சலாட்சி பாலத்தைத் தாண்டுவதற்குள் இறந்துவிட்டாள்.

மாலையில் பூவராகன் இரங்கல் செய்தியில் ஒரு அறிவிப்பைச் சேர்த்தார். வடகரையில் அமையப்போகும் நலமனைக்கு அஞ்சலாட்சியின் பெயர். எழுதும்போது அவர் கண் உண்மையாகவே கலங்கியது. கலியபெருமாள் அதை வாங்கிப் படித்தார், போகாமல் நின்றார்.

"என்னய்யா?"

"மசோதாவோட இணைப்பைப் பாத்தேண்ணே. எந்தெந்த ஊருக்கு மிஷின்னு. வெள்ளிக்கிழமை கணக்குல சிறுநீரக நோயாளி எத்தனை பேரோ, அதை வச்சுத்தான் ஒதுக்கியிருக்காங்க."

"நமக்கு?"

"நமக்கு நோயாளியே இல்லண்ணே. தேவை இல்லைன்னு போட்டிருக்கு. இருக்கற ஒரு மிஷினையும் திருப்பிக் கேட்டிருக்காங்க."

அந்த இணைப்புக்கு விதி வகுத்த குழுவில் பூவராகனும் இருந்தார். நோயாளி எங்கே அதிகமோ அங்கே மிஷின் என்ற நியாயமான விதியை முன்மொழிந்ததே அவர்தான்.

*

ஒரு வழி மட்டும் இருந்தது. நோயாளியோ, இறந்திருந்தால் குடும்பத்தாரோ, மனுக்கூட்டத்தில் எழுந்து தங்கள் வாயால் நோயைச் சொன்னால், நலக்கணிப்பு ஆணையத்தின் குழு வந்து விசாரித்து ஒதுக்கீட்டைத் திருத்தும். ஒருவர் சொன்னால் போதும்.

திங்கட்கிழமை பூவராகன் மேசைக்குப் பின்னால் உட்காராமல் பெஞ்சுகளுக்கு நடுவில் வந்து நின்றார். பேச்சை ஆணையத்துக்கு அனுப்பும் பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்தது.

"யாருக்காவது கிட்னியில பிரச்சினை இருந்தா சொல்லுங்க. எடை போனாப் போவுது. நான் மேசையத் தட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒருத்தர் சொன்னாப் போதும்."

அந்த அறையில் எத்தனை பேர் என்று காலையில் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். வீங்கிய பாதங்கள் பெஞ்சுக்கு அடியில் மெல்ல உள்ளே நகர்ந்தன.

"பெரியவரே, நீங்க?"

"எனக்கு என்னங்க, கல்லு மாதிரி இருக்கேன்." இருமல் வரப்பார்த்தது. பெரியவர் துண்டை வாயில் வைத்து அதை அமுக்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது.

தெய்வசிகாமணி கடைசியில் நின்றிருந்தான். தலை மழித்திருந்தான். பூவராகன் அவனிடம் போய்க் கையைப் பிடித்தார்.

"நீ சொல்லுப்பா. அஞ்சலாட்சிக்கு என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லீங்க. வெயில்ல மயக்கம் வந்துச்சு."

"பயப்படாம சொல்லு. இவங்கள்ல நாலு பேராவது பொழைப்பாங்க."

"பயமில்லீங்க." அவன் கையை விடுவித்துக்கொண்டான். குரல் உயரவில்லை. "போன தேர்தல்ல எங்க தெரு முனையில மேடை போட்டுப் பேசினீங்க. இந்தத் தொகுதியில நோயாளியா இருக்கறது தொகுதிக்குச் செய்யற துரோகம்னீங்க. முன்னாடி நின்னு மொதல்ல கைதட்டினவ அவதான். நான் எப்படிங்கய்யா எம்பொண்டாட்டியத் துரோகின்னு சொல்லுவேன்?"

சிவப்பு விளக்கு கொஞ்ச நேரம் எரிந்துவிட்டுத் தானாக அணைந்தது. பூவராகன் மேசைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தார். கலியபெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாரா வாரம் கேட்பதைக் கேட்டார்.

"சரி, வெள்ளிக்கிழமை பஸ்சுக்கு யார் யார் வர்றீங்க?"

அறையில் எல்லாக் கைகளும் உயர்ந்தன.