பதினைந்து மில்லி சஃபீர்

"அய்யோ! என் ரத்தத்தைக் காணோம்!"

கேரளத்தின் பெரிந்தல்மண்ணை. காலை பத்து மணி. டாக்டர் லிஸியின் எலும்பு மருத்துவமனை.

அலறியது சஃபீர். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து மைதானங்களில் கோல்கீப்பர்களைக் கதறவைக்கும் ஃபார்வர்டு. ஒரே தொடைத் தசை மூன்று முறை கிழிந்திருந்தது. அவன் ரத்தத்தையே எடுத்து, இயந்திரத்தில் சுற்றி, தொடையில் ஊசியாகப் போட வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் இனி கேலரியில் உட்கார்ந்து கடலை கொறிக்க வேண்டியதுதான்.

மேஜை மேலிருந்த ட்யூப் மாயம்!

டீம் மேனேஜர் பாப்புட்டியின் செல்போன் அடித்தது.

"ரத்தம் எங்ககிட்ட இருக்கு. இந்த சீசன் சஃபீர் ஆடமாட்டான்னு அறிவிச்சுடு. இல்லேன்னா... சாக்கடைக்கு!"

பாப்புட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"மோனே, இன்னும் கொஞ்சம் ரத்தம் குடுடா."

"இனிமே வராது இக்கா. தீர்ந்துபோச்சு."

எஸ்.ஐ. பிரசன்னா வந்தார்.

"என்ன திருடு போச்சு?"

"ரத்தம், மேடம்."

"எவ்வளவு?"

"பதினஞ்சு மில்லி."

"கொசு மேல சந்தேகம் இருக்கா?"

மறுபடி போன். பிரசன்னா ஸ்பீக்கரில் போட்டார்.

"யோசிச்சாச்சா?" என்ற குரலுக்குப் பின்னால் ஒலிபெருக்கி... 'செவன்ஸ் திருவிழா! காணத் தவறாதீர்கள்!'

ஜன்னலுக்கு வெளியேயும் அதே அறிவிப்பு. விளம்பர ஜீப் தெருவில் ஊர்ந்துகொண்டிருந்தது.

பிரசன்னா படியிறங்கி ஓடினார். திரும்பும்போது கையில் ஒரு சட்டைக் காலர். காலருக்குள் எதிர் டீம் மேனேஜர் நௌஃபல். அவன் கையில் ஐஸ் பெட்டி. உள்ளே இரண்டு அயிலை மீன். நடுவில் ட்யூப்!

"மீனோடவாடா வெச்ச, பாவி!"

"கெட்டுப்போகக் கூடாதுன்னுதான், பாப்புட்டிக்கா..."

டாக்டர் லிஸி உள்ளே வந்தார். கையில் நீளமான ஊசி. அதில் மஞ்சள் திரவம்.

"எதுக்கு இவ்வளவு கூட்டம்? அந்த ட்யூப்ல இருக்கிற சிவப்பு வெறும் கழிவு. சத்தெல்லாம் சுத்தினதும் மேல நிக்கிற மஞ்சள்ல. அதை அப்பவே உறிஞ்சி எடுத்துட்டேன்."

நௌஃபல் சீறினான்.

"டேய் சஃபீர்! சிவப்பைத்தானேடா தூக்கச் சொன்ன!"



பாப்புட்டி மெல்லத் திரும்பினார்.

"சஃபீரே..."

"இக்கா, அந்த ஊசியோட நீளத்தைப் பாருங்க..."

"எதிர் டீமுக்கு உன்னையே வித்துட்டியாடா!"

"விக்கல. சும்மாதான் குடுத்தேன்."

சஃபீர் கதவை நோக்கிப் பாய்ந்தான். இரண்டே எட்டு. தொடை பிடித்துக்கொண்டது. பிரசன்னா அவனை அள்ளிக் கட்டிலில் கவிழ்த்தார்.

"குத்துங்க டாக்டர். வாக்குமூலம் அப்புறம்."

"உம்மாஆஆ!"

"முடிஞ்சது," என்றார் லிஸி. "ரெண்டு மாசத்துல ஓடலாம்."

நௌஃபல் தயங்கினான்.

"மேடம்... என் மேல என்ன கேஸ்?"

"கழிவு அள்ளினதுக்குக் கேஸ் இல்லடா. முனிசிபாலிட்டிக்குப் போ, வேலை போட்டுக் குடுப்பாங்க!"