கொடிக்கம்பத்தடியில் நாலு முட்டை

எல்ம் ஃபோர்க் ஊரில் ஆயிரத்து நூறு பேர் வசிக்கிறார்கள். அவர்களை ஆள நான்கு அரசாங்கங்கள் இருக்கின்றன.

நீதிமன்றத் தெருமுனையில் நின்றால் நான்கையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். கொடிக்கம்பம் நிற்கும் சரளைக்கல் திடல் நகராட்சியுடையது. அதை ஒட்டிப் போகும் சாலை அயோவா மாநிலத்துடையது. சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நீதிமன்றமும் புல்வெளியும் மாவட்டத்துடையவை. புல்வெளி ஓரத்தில் நிற்கிற நீலத் தபால்பெட்டி மட்டும் வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசுக்குச் சொந்தம். அந்த முனையில் ஒரு பள்ளம் விழுந்தால் நகராட்சி மாநிலத்தைக் கை காட்டும். மாநிலம் மாவட்டத்தைக் கை காட்டும். பள்ளம் பத்திரமாக அங்கேயே இருக்கும்.

இந்த விவரம் எதுவும் தெரியாத ஒரு கில்டீர் குருவி, ஜூன் ஒன்பதாம் தேதி, கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் தன் நாலாவது முட்டையை இட்டது.

கில்டீர் கூடு கட்டாது. சரளைக்கல்லில் சின்னதாக ஒரு குழி பறித்து முட்டையிடும். முட்டையும் கல் மாதிரியே புள்ளி புள்ளியாக இருக்கும். யாராவது கிட்டே வந்தால் தாய்க்குருவி ஒரு நாடகம் போடும். சிறகு உடைந்த மாதிரி தரையில் இழுத்துக்கொண்டு, கத்திக்கொண்டு ஓடும். நாம் பரிதாபப்பட்டுப் பின்னாலேயே போவோம். முட்டையை விட்டு நாம் நன்றாகத் தள்ளி வந்ததும், ஒன்றுமே நடக்காத மாதிரி அது ஜிவ்வென்று பறந்துவிடும்.

பத்து வயது பிரிட்டா அன்று இந்த நாடகத்தில் மூன்று முறை ஏமாந்தாள். நாலாவது முறை திரும்பிப் பார்த்தாள். முட்டைகள் தெரிந்தன. நூலகத்துக்கு ஓடிப் புத்தகத்தைப் புரட்டினாள். குஞ்சு பொரிக்க இருபத்தைந்து நாள் ஆகும் என்று போட்டிருந்தது. விரல்விட்டு எண்ணினாள். ஜூலை நாலு. நாட்டின் பிறந்தநாளும் அதுதான்.

தினமும் காலையில் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வருவாள். பக்கத்து வீட்டு அமோஸும் கூட வருவான். ஜூன் இருபத்திரண்டாம் தேதி போனபோது, குழியைச் சுற்றி வெள்ளைச் சுண்ணாம்பில் பெரிய சதுரம் ஒன்று போட்டிருந்தது. நடுவில் ஒரு பெருக்கல் குறி. முட்டைகள் சரியாகப் பெருக்கல் குறியின் மேல் இருந்தன.

"போச்சுடி," என்றான் அமோஸ். "மேயர் மேடை இங்கதான். அடுத்த வாரம் புதன்கிழமை, ஜூலை ஒண்ணாம் தேதி, பலகை இறக்குறாங்களாம்."

மேயர் வெண்டல் குரோத் டயர் கடை வைத்திருந்தார். மேயர் வேலை அவருக்குப் பகுதி நேரம். மேயர் பெருமை முழு நேரம். இருபத்திரண்டு வருடமாக ஜூலை நாலாம் தேதி அந்த இடத்தில் மேடை போட்டு நாற்பது நிமிடம் பேசுவார். நிறைய பேர் மடக்கு நாற்காலியோடு வருவார்கள். நாற்காலியில் தூங்குவது வசதி.

பிரிட்டா டயர் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். மேயர் கையில் இருந்த பம்பை மெல்லக் கீழே வைத்தார்.

"மேடை எங்க போடணும்னு முடிவு பண்றது நான் இல்ல கண்ணு," என்றார். "நகர மன்றம் தீர்மானம் போட்டிருக்கு. சட்டம் பண்றது அவங்க. நான் நிறைவேத்துறவன் மட்டும்தான்."

"அவங்க தீர்மானத்தை மாத்திட்டா?"

"மாத்தட்டும், பாக்கலாம்," என்று சிரித்துவிட்டு மேயர் பம்பை எடுத்துக்கொண்டார்.

நகர மன்றத்தில் ஐந்து பேர். மறுநாள் செவ்வாய்க்கிழமை மாலை கூட்டம். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம், ஆனால் மூன்று நிமிடம்தான். அதைக் கணக்கிட மேசைமேல் கோழி வடிவில் ஒரு சமையலறைக் கடிகாரம் இருக்கும். நேரம் முடிந்ததும் கோழி கிணுகிணுவென்று அடிக்கும். எல்ம் ஃபோர்க்கில் கோழி அடிக்கும் முன்னால் பேச்சை முடித்தவர் எவருமில்லை.

பிரிட்டா எழுந்தாள்.

"மேடை வேணாம்னு நான் சொல்லல. முப்பது அடி தெற்கால தள்ளிப் போடுங்கன்னு மட்டும் கேக்கறேன். நாலாம் தேதி குஞ்சு வெளிய வந்துடும். அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டாள். கடிகாரத்தில் இன்னும் இரண்டரை நிமிடம் மீதி இருந்தது. மன்ற உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மீந்த நேரத்தை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஓட்டு எடுக்கப்போகும் நேரத்தில் மேயர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். இருபத்திரண்டு வருடமாக இந்த ஊருக்காக நின்று நின்றே தேய்ந்த கால் என்றார். எல்லோரும் அவர் காலையே பார்த்தார்கள். பிரிட்டாவுக்கு இதை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது.

ஆனாலும் மேடையைத் தள்ளலாம் என்று மூன்று பேரும், வேண்டாம் என்று இரண்டு பேரும் கை தூக்கினார்கள். பிரிட்டாவும் அமோஸும் படியில் குதித்து இறங்கி, வீடு வரைக்கும் ஓடினார்கள்.

புதன்கிழமை காலை நகராட்சிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தீர்மானத்தை மேயர் நிராகரித்திருந்தார். காரணம் என்ற இடத்தில் 'மரபு' என்று ஒரு வார்த்தை. அதற்குக் கீழே அதைவிடப் பெரிதாகக் கையெழுத்து.

"மூணு பேர் சரின்னாங்க. ஒரே ஆள் எப்படி வேணாம்னு சொல்ல முடியும்?" என்று கேட்டான் அமோஸ்.

முடியும். மேயருக்கு அந்த அதிகாரம் உண்டு. அவர் வேண்டாம் என்றதை மீறி நிறைவேற்ற நாலு ஓட்டு வேண்டும். இதையெல்லாம் மன்ற உறுப்பினரும் ஊர் முடிவெட்டுக்காரருமான லைல், ஒருவர் தலையில் பாதி வெட்டிய நிலையில் விளக்கினார். அடுத்த கூட்டம் ஜூலை ஏழாம் தேதிதான்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மரபெல்லாம் இல்ல பாப்பா," என்றார். "தெற்குப் பக்கம் தள்ளினா அவர் முதுகுக்குப் பின்னாடி தற்காலிகக் கக்கூஸ் வரிசைதான் நிக்கும். பேப்பர்ல போட்டோ அப்படியே வரும்ல?"

தலை பாதி வெட்டுப்பட்டவர் சிரித்தார். பிரிட்டா சிரிக்கவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாஃப்ட்பால் பயிற்சி. அங்கே நடுவராக நிற்பவர் மாவட்ட நீதிபதி பெக் ஓஸ்ட். பிரிட்டா முதல் பந்துக்கு முன்னாலேயே அவரிடம் ஓடினாள். நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார்.

"வழக்குன்னு ஒண்ணு என் மேசைக்கு வந்தாத்தான் நான் வாயத் திறக்கலாம். பந்து போடறதுக்கு முன்னாடி யாராவது அவுட் குடுப்பாங்களா?"

வழக்கு போடலாம்தான். நீதிமன்றச் சன்னலில் தொங்கிய தாளில் விவரம் இருந்தது. மனு கொடுக்க வேண்டும். பதில் சொல்ல மேயருக்கு இருபது நாள். பலகை இறங்க இருந்ததோ ஆறே நாள்.

மன்றம் முடிந்தது, மேயர் முடிந்தது, நீதிமன்றமும் முடிந்தது. பிரிட்டா அன்று இரவு உணவில் சோளத்தைக்கூடக் கடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மா கொடுத்த கடிதத்தைப் போட அவள் தபால் நிலையத்துக்குப் போனாள். சன்னலுக்குப் பின்னால் டோரீன் இருந்தார். சுவரில் ஒரு படம். இரண்டு வாத்துகள் பறந்துகொண்டிருந்தன. கீழே 'இடம்பெயரும் பறவைகள்' என்று ஏதோ எழுதியிருந்தது. பிரிட்டா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது வாத்து வேட்டைக்காரங்க வாங்கற ஸ்டாம்பு. உனக்கு எதுக்கு?" என்றார் டோரீன்.

"ஆன்ட்டி, குளிர் வந்தா கில்டீரும் தெற்கே போயிடுதே. அப்ப அதுவும் இடம்பெயர்ற பறவைதானே?"

டோரீன் கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார். "நான் ஸ்டாம்பு விக்கிறவ. இந்த ஊர்ல மத்திய அரசுன்னா நானும் அந்தத் தபால்பெட்டியும்தான். எங்க ரெண்டு பேருக்கும் குருவியப் பத்தித் தெரியாது. படத்துக்கு அடியில ஒரு நம்பர் இருக்கு பாரு."

பிரிட்டா எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தாள். தொலைபேசியில் நாலு பேர் அவளை வேறு நாலு பேரிடம் மாற்றிவிட்டார்கள். கடைசியில் வனவிலங்குத் துறை அதிகாரி ஒருவர் கிடைத்தார். என்ன பறவை, எத்தனை முட்டை என்று அக்கறையாகக் கேட்டார். பறவைகளைக் காக்க நூறு வருடத்துக்கு முன்பே கனடாவோடு ஓர் ஒப்பந்தம் உண்டு, அதை வைத்து நாடாளுமன்றம் சட்டம் செய்திருக்கிறது என்றார். கில்டீர் அந்தப் பட்டியலில் இருந்தது.

"முட்டை இருக்கிற கூட்டை அனுமதி இல்லாம யாரும் அழிக்கக் கூடாதும்மா."

"மேயர் கூடவா?"

"மேயர் என்ன, நகர மன்றம், மாநில ஆளுநர், ஜனாதிபதி, யாரா இருந்தாலும் சரி."

பிரிட்டாவின் இதயம் கோழிக் கடிகாரம் மாதிரி அடித்தது. நகராட்சிக்கு மேலே மாநிலம், மாநிலத்துக்கு மேலே நாடு. அந்த உச்சாணிக் கொம்பில் போய் அவளுடைய குருவி உட்கார்ந்திருக்கிறது.

மேயரிடம் தானே பேசட்டுமா என்று அதிகாரி கேட்டார். பிரிட்டா கொஞ்சம் யோசித்தாள். "திங்கக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோங்க. முதல்ல நான் சொல்லிப் பாக்கறேன்," என்றாள்.

அமோஸுக்குக் கோபம் வந்துவிட்டது. பேப்பர்காரரிடம் சொல்ல வேண்டும், முதல் பக்கத்தில் போட வேண்டும், அப்போது மேயர் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்று குதித்தான்.

"அவரும் குருவி மாதிரிதான்டா," என்றாள் பிரிட்டா. "முழங்காலப் பிடிச்சாரே, ஞாபகம் இருக்கா? எதையோ காப்பாத்தத்தான் நடிக்கிறார். கக்கூஸுக்கு முன்னாடி நிக்கப் பயம். அதுக்கு ஏதாவது பண்ணிட்டா போதும்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தாள். திங்கட்கிழமை காலையில் டயர் கடை திறக்கும்போது வாசலில் நின்றாள். சட்டத்தைச் சொன்னாள். மேயர் முகம் வெளுத்தது.

"இத யார் யார்கிட்ட சொன்ன?"

"அமோஸுக்கு மட்டும்தான் தெரியும். சார், வருஷா வருஷம் தீயணைப்பு வண்டி ஏணியில முப்பது அடிக் கொடி தொங்கவிடுவாங்களே. அந்த வண்டிய தெற்குப் பக்கம், மேடைக்குப் பின்னாடி நிறுத்தினா என்ன?"

மேயர் கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் கக்கூஸ் வரிசை மறைந்து, முப்பது அடிக் கொடி அசைவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இப்ப இருக்கிற கம்பத்துக் கொடி ஆறு அடிதான்," என்றார் மெதுவாக. "இது யாரோட யோசனை?"

"உங்களோடதா இருக்கட்டும் சார்."

செவ்வாய்க்கிழமை மேயரே அவசரக் கூட்டம் கூட்டினார். ஐந்துக்கு ஐந்து ஓட்டு. மேயர் அங்கேயே கையெழுத்துப் போட்டார். முழங்கால் வலி குணமாகியிருந்தது. மறுநாள் பலகைகள் தெற்குப் பக்கம் இறங்கின. குழியைச் சுற்றி மேயர் தன் கடையிலிருந்து நாலு பழைய டயர்களைக் கொண்டுவந்து காவலுக்கு வைத்தார்.

நாலாம் தேதி விடிந்ததும் பிரிட்டா ஓடி வந்தாள். முட்டை ஓடுகள் உடைந்து கிடந்தன. பஞ்சு உருண்டைக்குக் குச்சிக் கால் வைத்த மாதிரி நாலு குஞ்சுகள். நண்பகலில் அவை காய்ந்து, எழுந்து, டயர்களுக்கு நடுவே நடை பழகிக்கொண்டிருந்தன.

அதற்குள் ஊரே திரண்டிருந்தது. முப்பது அடிக் கொடிக்கு முன்னால் மேயர் நின்றார். குருவிகளைக் காப்பாற்றத் தான் எப்படி இரவு பகலாகச் சிந்தித்தேன் என்று பேச ஆரம்பித்தார். அமோஸ் பல்லைக் கடித்தான். பிரிட்டா அவன் காலை மிதித்தாள்.

பதினோராவது நிமிடத்தில், சாலையில் பள்ளிக்கூட பேண்ட் முழக்கத்தோடு ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. பின்னால் பன்னிரண்டு டிராக்டர்கள். அப்போது தாய்க்குருவி டயர்களைத் தாண்டி நேராகச் சாலைக்குள் இறங்கியது. பின்னால் நாலு குஞ்சுகள்.

பிரிட்டா எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். பேண்ட் சத்தத்தில் அவள் குரல் எடுபடவில்லை. மேடையிலிருந்த மேயர் அவள் கையைப் பார்த்தார். அவள் காட்டிய இடத்தைப் பார்த்தார். பேச்சுத் தாள் கையிலிருந்து விழுந்தது.

"நிறுத்துங்க," என்றார் ஒலிபெருக்கியில்.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் பேசிய மிகச் சிறிய பேச்சு அது. முரசு நின்றது. டிராக்டர்கள் நின்றன. மாநிலச் சாலையில் வண்டியை நிறுத்த நகராட்சி மேயருக்கு அதிகாரம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட விழித்துக் கைதட்டினார்கள்.

நாலு குஞ்சுகளும் நகராட்சித் திடலை விட்டு, மாநிலச் சாலையைக் கடந்து, மாவட்டப் புல்வெளியில் ஏறி, மத்திய அரசின் நீலத் தபால்பெட்டி நிழலில் போய் உட்கார்ந்தன. எந்த அலுவலகத்திலும் ஒரு தாளைக்கூட அவை நிரப்பவில்லை.