ஆளில்லாத வராந்தா

அந்தக் கேமராவுக்குக் காது கிடையாது. ஃபேக்டரிகளில் மாட்டும் மலிவு ரகம். படம் பிடிக்கும், ஓசை பிடிக்காது. மாட்டினவனே ஜோனத்தான்தான் என்பதால் அது அவனுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும், மாற்றி முடித்த படத்தைக் கணினியில் திறந்தபோது, அதன் அடியில் ஓசைக்கான பச்சைக்கோடு ஒன்று நீளமாகக் கிடந்தது. தட்டையான கோடு. நடுவில் மட்டும் ஓர் இடத்தில் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது.

"தூ! ஓசி சாஃப்ட்வேர்," என்றான் ஜோனத்தான். கோட்டை அழித்துவிட்டு, படத்தை மறுபடி மாற்றப் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோயில் ஆராதனை முடிந்து வந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தான். சித்தூர் கோர்ட்டுக்குப் பின்தெருவில் அவன் கடை. கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம் எல்லாவற்றையும் படம்பிடித்தவன். எல்லோர் வீட்டுச் சிரிப்பையும் அழுகையையும் வெட்டி ஒட்டியதில், மனிதர்கள் எல்லோரும் அவனுக்குக் கேலிக்கூத்தாகத் தெரிந்தார்கள். இப்போது யார் வீட்டிலும் டிவிடி போடும் பெட்டி இல்லை. கோர்ட்டில் மட்டும் இன்னும் அதைத்தான் கேட்கிறார்கள். ஒருமுறை எழுதி மூடிவிட்டால் அந்தத் தட்டைத் திருத்த முடியாதாம். ஆகவே அதில் இருப்பது உண்மையாம். எழுதுவதற்கு முன்னால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பது இத்தனை படித்த கறுப்புக் கோட்டுகளுக்கு உறைக்கவில்லையே என்று நினைத்தால் அவனுக்குச் சிரிப்பாக வரும்.

போன் அடித்தது. மாம்பழக்கூழ் ஃபேக்டரி முதலாளி கோவர்த்தனன்.

"இன்னா ஜோனா, முடிஞ்சிதா இல்லியா? காலையில வக்கீல் கையில இருக்கணும்."

"ஓடிக்கினு இருக்குதுண்ணா. முரளி வர்ற இடமெல்லாம் வெட்டி எடுத்துட்டேன். வெறும் வராந்தாதான் தெரியும்."

"மேல டைம் ஓடுதில்ல?"

"டைம் அது பாட்டுக்கு ஓடும். கீழ வராந்தா படத்தை மட்டும் அப்படியே நிக்க வெச்சி ஒட்டிட்டேன். எவன் பூதக்கண்ணாடி வெச்சிப் பார்த்தாலும் தெரியாது."

"எருமைப்பையன் அந்த சூப்பர்வைசர் முரளி. வேலைக்கு வந்தவ ஒருத்தி ஒரு பழத்தை எடுத்துத் துன்னாளாம், அதுக்குக் கோல்டு ரூம்ல தள்ளித் தாழ்ப்பாள் போட்டானாம். சும்மா பயம் காட்ட. அப்புறம் சாப்பாட்டுக்குப் போனவன் மறந்தே போய்ட்டானாம்."

"அந்தப் பொம்பளையும் வாயை வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம்."

"முரளியைத் திருப்பதியில அவங்க அக்கா வீட்ல விட்டுட்டு வந்தேன். மொட்டை அடிச்சிக்கினு உக்காந்துக்கினு இருக்கான்."

"பாவம் போயிடிச்சாமா?"

"மசிரு போச்சு." கோவர்த்தனன் சிரித்தார். "இதை ஒழுங்கா முடி. ஸ்ரீ சிட்டி பக்கத்துப் புது கோடவுனுக்கும் நீதான் கேமரா."

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். அந்தக் கேமராவுல மைக் கீது ஏதாவது மாட்டினீங்களா?"

"டேய், மாட்டினவனே நீ. என்னைக் கேக்கறியே!"

போனை வைத்தபோது ஷட்டருக்கு அடியில் ஒரு தலை தெரிந்தது. நரைத்த முடி, வெயிலில் வெந்த முகம். ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்திருந்தான் ஒருவன்.

"சார்..."

"கடை லீவு."

"தெரியும் சார். நான் தங்கவேலு. கார்வேட்டிநகரத்திலிருந்து வரேன். செல்லியம்மா வீட்டுக்காரன்."

"எந்தச் செல்லியம்மா?" என்றான் ஜோனத்தான், தெரிந்துகொண்டே.

"மாங்கா ஃபேக்டரியில... கோல்டு ரூம்ல இருந்து எடுத்தாங்களே சார். அந்தப் படம் உங்ககிட்ட இருக்குதுன்னாங்க. ஒரே ஒரு தபா பார்த்துட்டுப் பூடறேன்."

"பார்த்து? எழுந்து வந்துடுமா?"

தங்கவேலு அதற்குக் கோபப்படவில்லை. "அது கதவைத் தட்டிச்சான்னு பார்க்கணும் சார்," என்றான். "அதுக்குத் தட்டவே வராது. வெளிய போய்ட்டு வந்தாக்கூட கதவாண்ட நின்னுக்கினே இருக்கும், நானா தொறக்கறவரைக்கும். 'இன்னாத்துக்குத் தட்டி எழுப்பறது'ன்னும். ஃபேக்டரியில சொல்றாங்க, கதவு தானா மூடிக்கிச்சாம், தட்டியிருந்தா யாராவது தொறந்திருப்பாங்களாம். அங்கயும் அப்படியே நின்னுக்கினு இருந்துச்சோன்னு... தூக்கம் வரல சார்."

ஜோனத்தான் அந்தக் கதவின் கைப்பிடி குலுங்கியதைப் பார்த்தவன். முதலில் வேகமாக, பிறகு இடைவெளி விட்டு, பிறகு எப்போதாவது. முரளி பல்லைக் குத்திக்கொண்டே திரும்பி வந்து, குலுங்கும் கைப்பிடியை ஒரு நிமிஷம் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனதையும் பார்த்தவன். அதையெல்லாம் தன் கையாலேயே அழித்தவன்.

"தட்டல," என்றான். "நான்தான் முழுசாப் பார்த்தேனே. கதவு ஆடவே இல்லை. மரம் மாதிரி நின்னிருக்கும் உன் பொண்டாட்டி. கெளம்பு."

"தட்டலையா..." தங்கவேலு அதைத் தனக்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தான். "சரி சார். பஸ்ஸுக்கு நேரம் இருக்குது. இங்கயே நிழல்ல குந்திக்கினு இருக்கேன்."

"குந்து. உள்ள மட்டும் எட்டிப் பார்க்காதே."

தட்டக்கூடத் தெரியாத ஜென்மங்கள், என்று முணுமுணுத்துக்கொண்டே ஜோனத்தான் போனை மேஜையில் சார்ஜில் போட்டுவிட்டு உள்ளறைக்குப் போனான். கிறிஸ்துமஸ் பாட்டுப் பதிவுக்காகக் கட்டிய அறை அது; கணினியும் அங்கேதான். சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சு, பாடகர்களின் தொண்டைக்கரகரப்பு வெளியே கேட்காதபடி கனத்த கதவு, கடையைப் பார்க்க இரட்டைக் கண்ணாடி போட்ட ஒரு சின்ன ஜன்னல். ஏசி சித்திரையிலேயே படுத்துவிட்டது. ஆனிமாத வெக்கை பஞ்சுக்குள் ஊறி, பழைய வியர்வை, சூடான வயர், எலிப்புழுக்கை எல்லாம் கலந்த ஒரு நாற்றமாக அவன் சட்டைக்குள் இறங்கியது. ஜன்னல் வழியே பார்த்தான். ஷட்டருக்கு அடியில் இரண்டு பாதங்கள், வெடித்த குதிகால்களுடன், அசையாமல் இருந்தன.

படம் மாறி முடிந்திருந்தது. திறந்தான்.

பச்சைக்கோடு மறுபடி வந்திருந்தது. முட்கள் முன்பைவிட உயரமாக.

சனியன், என்று ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினான். முதலில் ஒரு பெரிய இயந்திரம் எங்கோ சுவருக்குப் பின்னால் உறுமுவதுபோல ஒரே மட்டமான இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் தண்ணீர் சொட்டுவது மாதிரி, சொட்டி உறைவது மாதிரி மெல்லிய வெடிப்புகள். அதற்கும் அடியில், மிகவும் பின்னால், உலோகத்தின் மேல் எதுவோ படும் ஓசை. கைமுட்டி இல்லை, விரித்த உள்ளங்கை. பழக்கமில்லாத கை. அடுத்தவரைத் தொந்தரவு செய்யக் கூச்சப்படுகிற கை. சில தட்டு தட்டும், நிறுத்தும். நிறுத்திய இடத்தில் வெறும் மௌனம் இல்லை. யாரோ கதவில் காதை வைத்துக் கேட்கிற மௌனம். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் மறுபடி தட்டும்.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தான். "எவனோ வேற படத்து சத்தம் கலந்திருக்குது," என்று சத்தமாகவே சொன்னான், அறையில் யாரோ விளக்கம் கேட்டதுபோல.

ஓசையை அழித்தான். படத்தை மட்டும் தனியே பிரித்தான். புதுத் தட்டு ஒன்றை டிரைவில் வைத்து எழுதவிட்டான். டிரைவ் சுழன்று விசிலடித்தது. எழுதி முடித்ததும் அதே தட்டைப் போட்டுப் பார்த்தான்.

வராந்தா. வெள்ளை டைல்ஸ், ஒரு டியூப்லைட், ஓரத்தில் நீல நிறப் பிளாஸ்டிக் கிரேட்டுகள், கோல்டு ரூம் கதவு. மேலே நேரம் மட்டும் விநாடி விநாடியாக ஓடியது. அவன் ஒட்டிய நிலைப்படம். ஆள் இல்லை, ஈ இல்லை. கச்சிதம். தன் வேலையை ரசித்துப் பார்த்தான்.

கைப்பிடி குலுங்கியது.

நிலைப்படம் குலுங்காது. கண்ணைக் கசக்கிக்கொண்டு குனிந்தான். கைப்பிடி சும்மா இருந்தது. பிறகு குலுங்கியது.

தட்டைப் பிடுங்கி இரண்டாக உடைத்தான். கைவிரலில் கீறி ரத்தம் வந்தது. ரத்தத்தைச் சப்பியபோதுதான் அந்த வாசனை மூக்கில் ஏறியது: தோதாபுரி மாம்பழத்தின் கூழ், வெல்லப்பாகு மாதிரிக் கனத்து, அடியில் லேசாகப் புளித்து. ஃபேக்டரிக்குப் போய் வந்தால் இரண்டு நாள் சட்டையில் இருக்கும் வாசனை. இந்த மாதத்தில் சித்தூர் முழுக்கவே மாம்பழம்தானே, காற்றில் வருகிறது என்று நினைத்தான். இந்த அறைக்குள் காற்று வராது என்பதும் உடனே நினைவுக்கு வந்தது.

இன்னொரு தட்டு. எழுதவிட்டான்.

பேச்சுத்துணைக்குப் போல, "பழம் துன்னாளாம் பழம்," என்றான். வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது.

பார்த்துக்கொண்டே நின்றான். மறுபடி ஊதினான். மறுபடி புகை. கையில் மயிர் நட்டுக்கொண்டிருந்தது. டேபிள் ஃபேனை நிறுத்தினான். குளிர் குறையவில்லை, வெளிச்சம் மாதிரி எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது.

டிரைவ் சுழலும் ஓசைக்குள் தட்டும் ஓசை கேட்டது.

ஹெட்போன் வயரைப் பிடுங்கினான். கேட்டது. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினான். கேட்டது.

கதவு. கதவைத்தான் யாரோ தட்டுகிறார்கள். அவனுக்கு ஒரு நொடி உடம்பெல்லாம் தளர்ந்து நிம்மதியாகிவிட்டது. பிறகு கோபம் வந்தது.

"யோவ்! எட்டிப் பார்க்காதேன்னா உள்ளயே வந்துட்டியா? நாயைக் குளிப்பாட்டி நடுவீட்ல வெச்ச மாதிரி! வெளிய போ!"

தட்டல் நின்றது. கேட்கிற மௌனம். மறுபடி தட்டியது.

ஜன்னல் வழியே பார்த்தான். ஷட்டருக்கு அடியில் அதே இரண்டு பாதங்கள், அதே இடத்தில் இருந்தன.

அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. கனத்த கதவு. வெளியே இருந்து யார் தட்டினாலும் உள்ளே கேட்காது. அப்படித்தான் கட்டியிருந்தான்.

ஓசை கதவின் இந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

பின்னால் நகர்ந்தான். நாற்காலி விழுந்தது. கதவுக்கும் அவனுக்கும் நடுவில் யாரும் இல்லை. கறுப்புப் பஞ்சு. வெறும் கதவு. தட்டல் மட்டும், இடுப்பு உயரத்தில், பொறுமையாக.

"செல்லியம்மா," என்றான். அந்தப் பெயரைச் சொன்னது அவனே எதிர்பாராதது. "நான் இல்லம்மா. முரளிதான். நான் படம்தான் எடுத்தேன்."

தட்டல் நிற்கவில்லை. அவன் சொன்னது அதற்குக் கேட்டதாகவே தெரியவில்லை. அது அவனைக் கூப்பிட்டுத் தட்டவில்லை.

பாய்ந்து போய்க் கைப்பிடியைப் பிடித்தான். உள்ளங்கைத் தோல் ஒட்டிக்கொண்டது. இழுத்தான். திறக்கவில்லை. குலுக்கினான். தோல் உரிந்து வந்தது. போன் வெளியே மேஜையில். கத்தினான். பஞ்சு குடித்துவிட்டது. முட்டியால் குத்தினான். பிறகு விரித்த கையால்.

"தங்கவேலு! யோவ்! அண்ணா! தங்கவேலு அண்ணா! கதவைத் தொற! அது தட்டிச்சி! நான் பார்த்தேன், தட்டிச்சி, நெசமாத் தட்டிச்சி!"

பின்னால் டிரைவ் நின்றது. திரையில் ஒரு வரி வந்தது. எழுதி முடிந்தது. மூடப்பட்டது.

ஜன்னலுக்குத் திரும்பினான். கடை இல்லை. ஷட்டர் இல்லை. பாதங்கள் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளை டைல்ஸ். ஒரு டியூப்லைட். ஓரத்தில் நீல கிரேட்டுகள். எதுவும் அசையவில்லை. கண்ணாடியின் மேல்விளிம்பில் நேரம் மட்டும் விநாடி விநாடியாக ஓடியது.

அங்கே யாரும் வரமாட்டார்கள். அவனுக்குத் தெரியும். முரளிகூட வரமாட்டான். அவனையும் அழித்தாகிவிட்டது.

தட்டினான். நிறுத்தினான். கதவில் காதை வைத்துக் கேட்டான்.

மறுபடி கையைத் தூக்கியபோது, அவன் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை. மணிக்கட்டு வரை மஞ்சள் கூழ் உறைந்த கை. நகங்கள் நீலம். அது அவனைத் தொடவில்லை. அவன் பக்கம் திரும்பவும் இல்லை. அவனோடு சேர்ந்து, அதே வேகத்தில், விரித்த உள்ளங்கையால் கதவைத் தட்டியது.

அவன் நிறுத்தினான். அதுவும் நிறுத்தியது.

அவன் கன்னத்துக்கு வெகு அருகில், குளிர்ந்த இன்னொரு கன்னம் கதவோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் கேட்டார்கள்.